முள்வேலி வாசலில் தளரவிட்ட தோள்

பிறவியிலேயே என் மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும். ரப்பர் பால் வாளி தூக்கினால் தோள் நழுவும். அதைப் பிடித்துவைக்க நாள் முழுதும் தசையை இறுக்கியே இருப்பேன். ராத்திரி சுடுதுணி ஒத்தடம், வேலைக்குப் போகும்போது தோளில் துணிக்கட்டு.

"ரப்பர் மாதிரி வளையுற கைக்கு வலியா? நடிக்காத லா," என்பான் எங்களை வேலை வாங்கும் மண்டோர்.

அது மலாயாவில் அவசரகாலம். பெடாஸ் பக்கத்து எங்கள் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டையிட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக்கூடாதென்று தினமும் வாசலில் சோதனை. ஒரு காலையில் மண்டோர் காவலர்களிடம், "அந்தக் கட்டுக்குள்ள அரிசி வெச்சிருக்கா," என்றான். கிடைத்தால் எனக்கு ஜெயில். துணியை அவனே உருவினான். ஒரு அரிசிகூட விழவில்லை. தோட்டத்துத் துரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கடி ஒளிச்ச?" என்று என் கையைப் பிடித்து மேலே இழுத்தான்.

வழக்கம்போல் இறுக்கியிருந்தால் தோள் தாங்கியிருக்கும். நான் வேண்டுமென்றே தளரவிட்டேன். டக்கென்று எலும்பு இறங்கியது. என் அலறலில் வாசலே திரும்பியது. அன்றே துரை அவனைப் புல் வெட்டும் வேலைக்கு இறக்கினார்.

அந்தத் தோள் பிறகு சரியாகவே இல்லை. ஒத்தடம் கொடுக்கும்போது மகள் கேட்பாள்: "வலிக்கலையாம்மா? சிரிக்கிறீங்க?"

வலிக்கத்தான் செய்கிறது. குனிந்து குனிந்து புல் வெட்டியவனுக்கு முதுகு இதைவிட வலித்திருக்கும்.