வண்டியை ஒட்டி நின்றவள்

ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

புனேயில் விஷ்ராந்த்வாடியில் இருக்கிறோம். மழையில் ரோடு தெரியவில்லை என்று என் சின்னக் காருக்கு முன்னால், பளீரென்று வெள்ளையாய் எரியும் செனான் விளக்கு வாங்கி மாட்டினேன். "கல்யாண மண்டபம் மாதிரி இருக்குங்க," என்று என் மனைவி செல்வி சிரித்தாள்.

அன்று மாலையே, எதிரே வந்த ஸ்கூட்டர்காரர் கண் கூசித் தடுமாறி ரோட்டோரம் விழுந்தார். நல்லவேளை, முட்டியில் சிராய்ப்பு மட்டும்தான். காரை நிறுத்திவிட்டு ஓடினேன். செல்வியும் இறங்கினாள். அவரைத் தூக்கி நிறுத்தினேன். அவர் திட்டவில்லை. "அரே பாய், இங்க நின்னு உன் வண்டியைப் பாரு," என்று இந்தியில் சொன்னார்.

பார்த்தேன். ஒரே வெள்ளை. காரும் தெரியவில்லை, செல்வியும் தெரியவில்லை.

"செல்வி, எங்கடி இருக்க?"

"வண்டியை ஒட்டித்தாங்க நிக்கிறேன். கண்ணு தெரியலையா?"

குரல் பத்தடியில் கேட்டது. ஆள் இல்லை.

மறுநாளே பழைய பல்பை மாட்டிவிட்டேன். ஆனால் அந்த வெள்ளை என்னை விட்டுப் போகவில்லை. இப்போதும் இருட்டினால், கியர் போடும் முன் "செல்வி" என்று கூப்பிடுவேன். பக்கத்துச் சீட்டில்தான் உட்கார்ந்திருப்பாள். "இருக்கேங்க" என்று அவள் சொன்ன பிறகே வண்டியை எடுப்பேன்.

ஒரு வழியாக இதை எழுதிய நாள்: கார்த்திகை முதல் ஞாயிறு.