பெரிய பல்பு

அதியமான்கோட்டை தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் எங்கள் முதலாளியின் ஷெட். அவருக்கு நான்கு பஸ்கள். அதில் கிழடு, பென்னாகரம் ஓடும் வண்டி. யாரோ ஓட்டித் தேய்த்ததை வாங்கி, புதுப் பெயின்ட் அடித்து, முகப்பில் கலர் லைட் மாலை கட்டி, பாட்டுப் பெட்டியும் வைத்தார். பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் அங்கே எலக்ட்ரீசியன். ஒயரிங் முழுக்க என் பொறுப்பு என்பார்கள். வண்டியை நிறுத்தி வேலை பார்க்க ஒரு நாள் கேட்டால் மட்டும் அந்தப் பொறுப்பு எங்கேயோ போய்விடும்.

அந்த வண்டியின் டிரைவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஷெட்டில் ஒரு கம்ப்ளைன்ட் நோட்டு உண்டு. மற்றவர்கள் 'பிரேக் பார்க்கவும்' என்று கிறுக்கிவிட்டுப் போவார்கள். இவர் நிறுத்தி நிதானமாக, பரீட்சை எழுதுகிற மாதிரி எழுதுவார். "ஹெட்லைட் போட்டால் டேஷ்போர்டில் இடது இண்டிகேட்டரின் பச்சை லைட் மங்கலாக எரிகிறது. நான் இண்டிகேட்டர் போடவில்லை. வண்டி குலுங்கினால் ஹெட்லைட் வெளிச்சமும் குறைகிறது." மூன்று நாள் தொடர்ந்து இதையே எழுதினார்.

மேனேஜர் சிரித்தார். "எரியலன்னா எழுதுவாங்க. எரியறதுக்கெல்லாமா எழுதறாரு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. விளக்குக்குப் போன கரன்ட் வண்டியின் உடம்பு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். எர்த் பிடிக்கிற போல்ட்டில் துரு ஏறினால் கரன்ட்டுக்கு வாசல் அடைத்த மாதிரி. பக்கத்து வீட்டுக் கொல்லை வழியாகப் போகப் பார்க்கும். அப்படி இண்டிகேட்டர் ஒயரில் புகுந்ததுதான் அந்தப் பச்சை வெளிச்சம். என்றைக்காவது போல்ட் முழுக்க விட்டுப்போனால் இரண்டு ஹெட்லைட்டும் ஒன்றாக அணையும்.

போல்ட் முன் பம்பருக்குப் பின்னால் இருந்தது. பம்பரையும் கிரில்லையும் இறக்கி ஏற்ற ஒரு பகல் வேண்டும். மேனேஜரிடம் கேட்டேன்.

"இப்ப வண்டிய நிறுத்தச் சொல்றியா? ஒகேனக்கல் கூட்டம் பிச்சிக்கினு போவுது. அந்தப் பச்ச பல்பக் கழட்டி வுடு. கண்ணுல படலன்னா எழுதமாட்டாரு."

"கழட்டிட்டா நெஜமாவே லெப்ட் இண்டிகேட்டர் போடறப்பயும் எரியாதுங்க. மொதல் திருப்பத்துலயே கண்டுபிடிச்சிடுவாரு."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அவர் சொன்னபடி கழற்றியிருந்தால்கூடப் பாதகமில்லை, அண்ணன் அன்றைக்கே மறுபடியும் எழுதியிருப்பார். நான் கெட்டிக்காரனாயிற்றே. டேஷ்போர்டைத் திறந்து அந்தச் சின்ன பல்பை எடுத்துவிட்டு, கொஞ்சம் பெரிய பல்பாகப் போட்டேன். கசிந்து வரும் கொஞ்சக் கரன்ட் பெரிய பல்புக்குப் போதாது, எரியாது. இண்டிகேட்டர் போட்டால் வழக்கம்போல் மின்னும். இந்த யோசனை மேனேஜருடையது அல்ல. என் சொந்தப் புத்தி. நோட்டில் 'சரி செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஏமாற்றினால் 'பல்பு கொடுத்தான்' என்று இப்போது விளையாட்டாகச் சொல்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் அண்ணன் என்னைத் தேடி வந்து டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தார். "பச்ச லைட்டு நின்னு போச்சுப்பா. நல்ல வேல பண்ண." நான் போண்டாவைத் தின்றேன். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்குத் துப்பில்லை.

அடுத்த வாரம் ஷெட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னார், "வெளிச்சம் கொறையற மாதிரி இன்னும் தெரியுது. லைட்டுதான் செரியாயிடுச்சே. என் கண்ணுதான் போல. ஒரு நாளைக்குப் போயி காட்டோணும்." அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். குனிந்து ஒரு ஒயருக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் ஒரு விடியற்காலை, பென்னாகரத்திலிருந்து புறப்பட்ட முதல் டிரிப். பனி. ஒரு வளைவில் வண்டி குலுங்கியதும் இரண்டு ஹெட்லைட்டும் அணைந்தன. அண்ணன் பிரேக்கை மிதித்து நிறுத்துவதற்குள், பால் கேனோடு மொபெட்டில் வந்தவர் மீது பஸ் இடித்துவிட்டது. அவர் உயிர் பிழைத்தார். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

சோதிக்க வந்த அதிகாரி சுவிட்சைப் போட்டார். நின்றிருந்த வண்டியில் இரண்டு ஹெட்லைட்டும் பளிச்சென்று எரிந்தன. நோட்டைப் புரட்டினார். கடைசிப் புகாருக்குக் கீழே என் கையெழுத்து.

"லைட்டுல கோளாறு எதாவது இருந்துச்சா?" என்று என்னைக் கேட்டார்.

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் பயம் இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பியிருந்தார்.

"செரி பண்ணிட்டேங்க," என்றேன்.

மேனேஜர் விடவில்லை. "அவருக்குக் கண்ணு செரியில்லிங்க. அவரே எல்லாத்துகிட்டயும் சொன்னாரு." அதோடு முடிந்தது. லைசென்ஸை முடக்கினார்கள். முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்த மேனேஜரைவிட நான் எந்த விதத்தில் மேல் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை.

பிறகு முகப்பு நசுங்கலை எடுக்க அதே வண்டி இரண்டு நாள் ஷெட்டில் நின்றது. நான் கேட்டபோது கிடைக்காத நாள் நசுங்கலுக்குக் கிடைத்தது. பம்பரை இறக்கியபோது போல்ட்டைப் பார்த்தேன். துரு, அதன் மேல் முதலாளியின் புதுப் பெயின்ட். உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினேன். பத்து நிமிட வேலை. பெரிய பல்பை எடுத்துவிட்டுப் பழைய சின்ன பல்பையே போட்டேன். ஹெட்லைட் போட்டுப் பார்த்தேன். பச்சை எரியவில்லை.

ஆறு மாதம் கழித்து பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் அதே வண்டிக்கு ஹாரன் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்தார். புளி மண்டியில் மூட்டை தூக்குகிறாராம். மூக்கில் கண்ணாடி. டிரைவர் ஜன்னல் வழியாக டேஷ்போர்டை எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, ஹெட்லைட்டு போட்டா இப்ப அந்தப் பச்ச எரியுதா?"

"இல்லிங்கண்ணா. இப்ப எரியறதில்ல."

கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்குக்கூடத்தான் எரியல."

சொல்லிவிட்டு அண்ணன் பின்படி வழியாக ஏறி, பயணிகளோடு போய் உட்கார்ந்தார்.