ரிலீவர் எழில்மதி

என் தங்கை எழில்மதி வென்றவற்றை முதலில் எழுதி வைக்கிறேன். தேதி தெரிந்தவற்றுக்குத் தேதியும் போடுகிறேன்.

பிறந்தபோது எடை ஒன்றே முக்கால் கிலோ. தங்காது என்றார்கள், தங்கினாள். எட்டாம் வகுப்பில் டைபாய்டு வந்து நாற்பத்தொரு நாள் பள்ளிக்குப் போகவில்லை. அந்த வருடமும் வகுப்பில் முதலாவது அவள்தான். பிளஸ் டூ முடித்ததும் நர்சிங்கில் சேர்த்துவிடலாம் என்று அம்மாவும் நானும் முடிவு செய்து விண்ணப்பமும் வாங்கி வந்துவிட்டோம். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து இயற்பியலில் சேர்ந்தாள். ஆராய்ச்சியில் முதல் வழிகாட்டி பாதியிலேயே ஓய்வு பெற்றுப் போனார். இரண்டாமவர் ஆய்வின் தலைப்பை மாற்றச் சொன்னார். தான் செய்யாத ஒன்றைத் தலைப்பில் போட முடியாது என்று சொல்லி, மாற்றாமலே முடித்தாள். முனைவர் பட்டம் 2019 மார்ச் 8, வெள்ளிக்கிழமை. முத்தாண்டிக்குப்பத்தில் அடுத்தவர் தோப்பில் முந்திரிக்கொட்டை பொறுக்கிய குடும்பத்தில் அவள்தான் முதல் டாக்டர்.

நிரந்தர வேலை ஒன்றைத்தான் அவளால் வெல்ல முடியவில்லை. விருத்தாசலம் பக்கம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகவே இருக்கிறாள்.

நான் பத்தாவது வரை படித்தவன். பதினான்கு வருடம் கான்ட்ராக்டில் இருந்து பெர்மனன்ட் ஆனேன். நிலக்கரிச் சுரங்கத்தின் டைம் ஆபீசில் வேலை. யார் எந்த ஷிப்டுக்கு எத்தனை மணிக்கு வந்தார், எப்போது போனார் என்று பதிவது என் பொறுப்பு. அம்மா வீரம்மாள், மனைவி அகிலா, எழில்மதி, கடைசித் தம்பி செங்குட்டுவன் எல்லோரும் என் குவார்ட்டர்ஸில்தான் இருந்தோம்.

2023 டிசம்பர் 10 ஞாயிறு மாலை, பண்ருட்டியிலிருந்து பைக்கில் வந்த செங்குட்டுவன், முன்னால் போன டிராக்டரில் மோதினான். வயது முப்பத்தொன்று. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஐம்பத்திரண்டு நாள் வைத்திருந்தோம். "கண் திறந்திருக்கும், தூங்குவார், விழிப்பார். ஆனால் நினைவு திரும்பும் என்று என்னால் சொல்ல முடியாது" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். முன்னறையில் கட்டில் போட்டுக் கிடத்தினோம். மூக்கில் குழாய், பக்கத்தில் ஒரு ஸ்டூல். கண் திறந்துதான் இருந்தது. அதன் உள்ளே அவன் இருக்கிறானா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

அவனோடு வேலை பார்த்த தனகோட்டி ஒருநாள் செல்போனில் ஒரு வீடியோ கொண்டுவந்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டினான். கோட்டு போட்ட ஒருவர் நல்ல தமிழில் பேசினார். ஓர் அணுத்துகள் யாராவது பார்க்கும்வரை இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லையாம். பார்த்த கணத்தில்தான் ஓரிடத்தில் வந்து நிற்குமாம். பார்க்கிற உணர்வுதான் உலகத்தையே உண்டாக்குகிறது, அந்த உணர்வுதான் கடவுள், இதைக் குவாண்டம் இயற்பியல் நிரூபித்துவிட்டது என்றார்.

அம்மா அதை மூன்று முறை போடச் சொன்னார். பிறகு என்னைக் கேட்டார்: "அப்ப நாம பாத்துக்கினே இருந்தா அவன் வந்து நிப்பான் இல்ல?"

நான் இல்லை என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். இருநூறு பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். தேதி, ஷிப்ட், பெயர், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து, குறிப்பு. ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் பத்து, பத்து முதல் ஆறு. சுரங்கத்தில் உள்ள சட்டம்தான் இங்கேயும்: ரிலீவர் வந்து கையெழுத்துப் போடாமல் முந்தின ஷிப்ட் ஆள் எழுந்து போகக் கூடாது. கையெழுத்து இல்லாத டூட்டி டூட்டியே இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் சிவப்பு மையில் எழுதினேன்: 'நாங்கள் பார்ப்பதால் செங்குட்டுவன் திரும்பி வருவான் என்று உறுதியாக நம்பிப் பார்க்கிறோம்.' 2024 பிப்ரவரி 12 திங்கள் முதல் ஷிப்டில் அம்மா முதல் கையெழுத்தைப் போட்டார்.

அம்மா, நான், அகிலா, தனகோட்டி, பக்கத்து குவார்ட்டர்ஸ் மீரான் மைதீன், தெருக்காரர்கள் சிலர் என்று மாறி மாறி உட்கார்ந்தோம். குறிப்பில் 'இடது சுண்டுவிரல் அசைந்தது, 11.20' என்று இருக்கும். 'கொட்டாவி, 4.05' என்று இருக்கும்.

எழில்மதி கல்லூரியிலிருந்து வந்ததும் அவனுக்கு உடம்பு துடைப்பாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பாள், குழாயில் கஞ்சி விடுவாள். எங்கள் எல்லோரையும்விட அதிக நேரம் அவன் அருகில் இருந்தவள் அவள்தான். நோட்டை மட்டும் தொடமாட்டாள்.

"மேல செவப்பு மையில எழுதியிருக்கியே, அத அடிச்சிடுண்ணே. அடுத்த நிமிஷமே கையெழுத்துப் போடறேன்" என்றாள் என்னிடம்.

"அம்மா பாத்தா?"

"அப்ப என்ன விட்டுடு."

ஐந்து மாதம் ஆனது. ஆட்கள் தாமதமாக வர ஆரம்பித்தார்கள். படித்தவள் வாயால் ஒருமுறை சொன்னால் எல்லோருக்கும் பிடிப்பு வரும் என்று அம்மாவுக்கு ஒரு யோசனை. ஜூலை 14 ஞாயிறு மத்தியானம் எல்லோரையும் வரச் சொல்லி, டீ போட்டுக் கொடுத்து, எழில்மதியைக் கட்டிலுக்கு அருகில் நிற்க வைத்தார்.

"நீ படிச்சதுல அது இருக்கா இல்லியா, சொல்லுடி."

"எதும்மா?"

"பாத்தா வரும்ங்கறது."

எழில்மதி எதிரே இருந்த முகங்களை ஒருமுறை பார்த்தாள். என்னையும் பார்த்தாள். இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"அதுல பாக்கறதுன்னா கண்ணால பாக்கறது இல்லம்மா. ஒரு கருவி அளந்தாலும் அதேதான். ஆளே இல்லாத ரூம்ல கருவி தானா அளந்து வச்சாலும் அதேதான். மனசு, நம்பிக்கை இதெல்லாம் அந்தக் கணக்குல இல்ல."

"பார்க்கற உணர்வுதான்னு அந்த சார் அடிச்சி சொல்றாரே" என்றான் தனகோட்டி.

"அப்படி யோசிச்சுப் பாத்த பெரியவங்க ஒண்ணு ரெண்டு பேரு இருந்தாங்கண்ணே. யோசிச்சாங்க, அவ்ளோதான். நிரூபிக்கல. அளக்கும்போது உள்ள என்னதான் நடக்குதுன்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை போட்டுக்கினுதான் இருக்காங்க."

மீரான் மைதீன் தாடியைத் தடவியபடி கேட்டார்: "கடவுளைப் பத்தி என்னதான்மா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல பாய். உண்டுன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. நீங்க அஞ்சு வேளை தொழுறதுக்கு அதோட சாட்சி தேவையா?"

"தேவையில்லதான்" என்று அவர் சிரித்துவிட்டார்.

"மனுசனுக்குள்ள நெனப்பு எப்படி உண்டாவுதுன்னு யாருக்கும் முழுசாத் தெரியாது. அணுவுக்குள்ள நடக்கறதும் முழுசாத் தெரியாது. தெரியாத ரெண்ட சேத்துக் கட்டினா தெரிஞ்சதா ஆயிடாது."

"ஊசி போடத் தெரியாத டாக்டருகிட்ட வேற என்ன கேட்டுட முடியும்" என்றான் தனகோட்டி. சிலர் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. "அப்ப என் புள்ள?"

எழில்மதியின் குரல் இறங்கிவிட்டது. "அவன் மூளையில அடிபட்ட எடம் அடிபட்டதுதாம்மா. நாம பாக்கறதால அது மாறாது. மாறும்னு நான் படிச்சது எதுலயும் இல்ல."

"இதுக்காடி உன்ன படிக்க வச்சேன்?" என்று அம்மா கேட்டார். எழில்மதி டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நோட்டே சொல்லும். தெருக்காரர்கள் அந்த வாரமே நின்றார்கள். தனகோட்டியின் கடைசிக் கையெழுத்து ஜூலை 27. மீரான் மைதீன் ஆகஸ்ட் 11 வரை வந்தார். நம்பி வரவில்லை, அம்மாவுக்காக வந்தார். சேத்தியாத்தோப்பில் தன் அப்பாவுக்கு முடியவில்லை என்று அகிலா ஊருக்குப் போய்விட்டாள். ஆகஸ்ட் 30 அன்று என் ஷிப்டில் நான் தூங்கிவிட்டேன். விழித்தபோது அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என் பெயருக்கு எதிரே தன் கையாலேயே கோடு போட்டிருந்தார். டூட்டியில் தூங்கினவனுக்கு அதற்கப்புறம் டூட்டியே இல்லை. அதுவும் நான் சொல்லித் தந்த சட்டம்தான்.

செப்டம்பரில் மூன்று ஷிப்டிலும் வீரம்மாள், வீரம்மாள், வீரம்மாள் என்று ஒரே பெயர். ஸ்டூலிலேயே சாப்பாடு. அவர் தூங்கியதாகவே நான் பார்க்கவில்லை. குறிப்பில் எழுத ஒன்றும் இல்லாததால் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.

20ஆம் தேதி வெள்ளிக்கிழமை அம்மா ஸ்டூலிலிருந்து அப்படியே சரிந்தார். கட்டில் கால் பட்டு நெற்றியில் மூன்று தையல். மறுநாள் கட்டோடு மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எழுந்து வந்து படும்மா" என்றேன்.

"ரிலீவர் வராம எப்படிடா எழுந்து வர்றது?"

"எழிலு இங்கதான நிக்கறா. அவ பாத்துப்பா."

"கையெழுத்துப் போடாதவ எப்படி ரிலீவர் ஆவா? நீதானடா சொன்ன."

உள்ளே போய் ஸ்கேலும் பேனாவும் எடுத்து வந்து, நோட்டை அம்மாவுக்குத் தெரியாமல் திருப்பி, சிவப்பு வரியின்மேல் ஸ்கேலை வைத்தேன். எழில்மதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாண்ணே. அடிச்சிருந்தா அம்மா எழுத்துக் கூட்டியாவது கண்டுபிடிச்சிடும்."

"ஒத்துக்காததுக்குக் கீழ நீ போட மாட்டியே."

"இப்பவும் ஒத்துக்கலதான்" என்றாள்.

பேனாவை வாங்கினாள். மணி பார்த்து, 'வந்த நேரம்' கட்டத்தில் 2.00 என்று எழுதினாள். படித்த பட்டங்களையும் முன்னெழுத்தையும் விட்டுவிட்டுப் பெயரை மட்டும் போட்டாள். குறிப்பில் 'மாற்றமில்லை' என்று எழுதினாள்.

அம்மா நோட்டை வாங்கி, கண்ணுக்கு அருகில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். "ரெண்டு மணிக்கொருதரம் திருப்பிப் போடணும், மறந்துடாத" என்று, ஏழு மாதமாக அதைச் செய்துவந்தவளிடமே சொல்லிவிட்டு எழுந்தார். பாயில் சாய்ந்தவுடன் தூங்கிப்போனார். எழில்மதி ஸ்டூலில் உட்கார்ந்து தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண் மின்விசிறிப் பக்கம் திறந்திருந்தது. இதை எழுதும்போதும் அப்படியேதான் இருக்கிறது. குறிப்புக் கட்டத்தில் அன்றிலிருந்து இன்றுவரை அவள் எழுதுவதும் அதே ஒரு சொல்தான்.

எழில்மதி அந்த நோட்டில் முதல் கையெழுத்துப் போட்டது 2024 செப்டம்பர் 21, சனிக்கிழமை.