புது சிப்புக்கு ஒரு பொட்டு

வேங்கிக்காலில் எங்கள் வீட்டு முன்னறைதான் பட்டறை. சர்க்யூட் வரைவது நான், பற்றவைப்பது என் கணவர். கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை மில்காரர் ஒருவருக்காகப் போர்டு செய்துகொண்டிருந்தோம். சொத்தைக் கடலையைப் பிடிக்கும் கேமராவின் யூஎஸ்பி கேபிள் நீளமானது. வழியில் சிக்னல் சோர்ந்துபோகும். அதற்குத் தெம்பு கொடுத்து அனுப்பும் சிப்தான் எங்கள் போர்டின் உயிர்.

பழைய சிப் வருவது நின்றுவிட்டது. அதே அளவில், அதே எண்ணிக்கைக் கால்களோடு இன்னொன்று கிடைத்தது.

"அப்படியே எடுத்து வெச்சிடுங்க, ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

"டேட்டாஷீட்ட முழுசா படிச்சியா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கே பாடம் நடத்தறீங்களா?" என்று கத்தினேன். சிப்பின் விவரமெல்லாம் இருக்கும் அந்த டேட்டாஷீட்டில் முதல் பக்கம் மட்டும்தான் படித்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மில்காரர் வருவதாக இருந்தது. படம் வராவிட்டால் ஆர்டர் சென்னைக்காரர்களுக்கு என்று முன்பே சொல்லியிருந்தார். பத்தரைக்குப் புது சிப் வைத்த போர்டை ஓட்டிப் பார்த்தேன். திரை கன்னங்கரேலென்று இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் கணவர் புதுப் போர்டு எதற்கும் பொட்டு வைக்காமல் விடமாட்டார். ஈரச் சந்தனத்தைக் குழைத்துச் சிப்பின் ஓரத்தில் அப்பினார். படம் வந்துவிட்டது! ஒவ்வொரு கடலையும் பளிச்சென்று தெரிந்தது.

மில்காரர் வந்து பார்த்துப் பூரித்துப்போனார். நல்லவேளை என்று நான் மூச்சு விடுவதற்குள் மின்விசிறிக் காற்றில் சந்தனம் காய்ந்தது, படம் போனது. என் கணவர் சற்றும் அலட்டிக்கொள்ளாமல் இன்னொரு சொட்டு வைத்தார். படம் வந்தது. மில்காரர் திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பேசாமல் ஆர்டரை வாங்கியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. டேட்டாஷீட்டைத் திறந்து உட்கார்ந்தேன். பழைய சிப்பில் ஒரு காலைச் சும்மா விட்டால் போதும். புதியதில் அதே காலை மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டர் வழியாக கிரவுண்டோடு சேர்க்க வேண்டும். ஈரச் சந்தனம் பக்கத்திலிருந்த கிரவுண்டு காலைத் தொட்டு, கொஞ்சம் மின்சாரத்தைக் கடத்தி, ரெசிஸ்டரின் வேலையைச் செய்திருக்கிறது.

"தப்பு என்னுதுங்க, நான் சரியா படிக்கல" என்று மில்காரரிடம் சொல்லிவிட்டேன். இவர் சந்தனத்தைத் துடைத்து ரெசிஸ்டரை வைத்தார். படம் அசையாமல் நின்றது.

மில்காரர் யோசித்தார்.

"ஆர்டர் உங்களுக்குத்தாம்மா. ஆனா ஒண்ணு. இனிமே சிப் மாத்தறத அவரு பாத்துக்கட்டும். நீங்க பொட்டு வைங்க."