ஸ்டீயரிங்கில் இருந்த ஆட்டம்

என் தந்தையாரிடம் செங்கல் ஏற்றும் பழைய லாரி ஒன்று இருந்தது. ஸ்டீயரிங்கைக் கால் சுற்றுச் சுழற்றிய பிறகே அதன் முன்சக்கரங்கள் சற்று யோசித்துத் திரும்பும். ஆகவே நேராகச் செல்வதற்கும் அவர் மோர் கடைபவரைப் போல இரு கைகளையும் ஓயாமல் ஆட்டிக்கொண்டிருப்பார். வேறெவராலும் அவ்வண்டியைச் செலுத்த இயலாது என்பதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

ஒருநாள் தாயாரும் நானும் உள்ளே அமர்ந்திருக்கையில், வண்டி சாலையை விட்டிறங்கிப் பருத்திக்காட்டில் போய் நின்றது. எவருக்கும் காயமில்லை. தாயார் செடிகளுக்கிடையே இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டு, "மொதல்ல இத நேராக்குங்க. அதுவரைக்கும் எங்கண்ணன் வீட்டுல இருக்கேன்" என்று கூறி, உசிலம்பட்டிக்குப் பேருந்து ஏறிவிட்டார். பள்ளிக்கூடம் இருந்தமையால் நான் தந்தையாரிடம் தங்கினேன்.

திருமங்கலத்துப் பட்டறையில் லாரியின் முன்பகுதியைக் கட்டைகளின்மேல் நிறுத்தினார்கள். முறிந்த ஸ்பிரிங் பட்டைகளை மாற்றினார்கள். சக்கரம் திரும்புவதற்கு ஆதாரமான கிங்பின் துருவேறி இறுகிக் கிடந்தது. சூடேற்றிச் சம்மட்டியால் அடித்த பிறகே அது வெளிவந்தது. ஒருபக்கமாகத் தேய்ந்திருந்த அதனைக் கையில் உருட்டிப் பார்த்த மெக்கானிக், "அண்ணே, இம்புட்டு நாளு நீங்க ஓட்டல. சாமிதேன் ஓட்டிருக்கு" என்றார்.

புதிய கிங்பின், அதைச் சுற்றி அமரும் புஷ் எல்லாம் பூட்டி முடிந்ததும், தந்தையார் சலவைச் சட்டை அணிந்து, என்னையும் ஏற்றிக்கொண்டு தாயாரை அழைத்துவரப் புறப்பட்டார். வண்டியோ குடித்தவனைப் போலச் சாலையின் இருபுறமும் தள்ளாடியது. எதிரே வந்த டிராக்டர்காரர், "என்ன மாப்ள, காலையிலேயேவா?" என்று விசாரித்துச் சென்றார்.

பட்டறைக்கே திரும்பிய தந்தையார், "முந்தி நேராத்தானடா போச்சு! என்னத்தடா செஞ்சு வச்ச?" என்று இரைந்தார். மெக்கானிக் ஏறி ஓட்டினார். வண்டி நூல் பிடித்தாற்போலச் சென்றது.

"வண்டியில ஒண்ணுமில்லண்ணே. ஒங்க கைதேன் இன்னும் பழைய வண்டிய ஓட்டிக்கிட்டிருக்கு. சும்மா பிடிச்சாப் போதும்."

தந்தையார் குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் லூசு வச்சுக் குடுத்துரேன்" என்றார்.

"அப்புறம் மதினிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அதன்பின் வற்றிய கண்மாயில் பயிற்சி நடந்தது. தந்தையார் என் மரஸ்கேலை என்னிடமே கொடுத்து, "தாயி, எங்கை தானா ஆடுச்சுன்னா போட்டுரு" என்றார். பெற்றவரை அடிக்க எந்தப் பிள்ளைக்கு அனுமதி கிடைக்கும்? நான் ஆசை தீர அடித்தேன். "ஏ, வலிக்கிதுல்ல!" என்பார். ஆனால் கையை விலக்கிக்கொள்ள மாட்டார். சில மாலைகளுக்குப் பின் ஸ்கேலுக்கு வேலை குறைந்தது.

உசிலம்பட்டியில் மாமன் வீட்டுத் தெருவுக்குள் லாரி வளையாமல் நெளியாமல் சென்று நின்றது. கிங்பின்னையும் புஷ்ஷையும் பற்றித் தாயாரிடம் உரைக்க நான் ஒரு பிரசங்கமே தயாரித்து வைத்திருந்தேன். அவரோ தந்தையாரின் புறங்கைகளையே பார்த்தார்.

"என்னங்க இது, இம்புட்டுச் செவந்து கெடக்கு?"

நானே முந்திக்கொண்டு, "நான்தேன் அடிச்சேன். அப்பாதேன் அடிக்கச் சொன்னாரு" என்றேன்.

தாயார் உள்ளே சென்று பையை எடுத்துவந்து ஏறி அமர்ந்தார். அத்தனை பாடுபட்டுச் செப்பனிட்ட முன்சக்கரங்களை ஒருமுறைகூடக் குனிந்து பாராமல் அவர் எப்படி நம்பினார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. சற்று மனத்தாங்கலாகவும் இருந்தது.