‘லே’ என்று கத்தினேன்

இந்தியா முதல் முறை உலகக் கோப்பையை ஜெயித்த மறு வருஷம் அது. பம்பாயில், தாராவியில், நடக்கத் தெரிந்த பையன் எல்லாம் கையில் மட்டையோடு திரிந்தான். எனக்கு அப்போது வயது இருபது. வாப்பாவோடு தோல் பட்டறையில் பெல்ட் தைக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு விட்டால் போதும், குளிக்காமல்கூட மைதானத்துக்கு ஓடிவிடுவேன்.

பேட்டிங்கில் நான் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. பந்து போடப் போனால் எங்கள் டீமே சிரிக்கும். ஆனால் கேட்ச் என்று வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன், இந்த வயதில் அதையாவது சொல்லிக்கொள்கிறேனே. எங்கள் சந்தில் இரண்டு பக்கக் கூரைக்கும் நடுவே வானம் தெரிவதே ஒரு முழம்தான். பந்து தகரத்தில் பட்டு, தண்ணீர் டிரம்மில் பட்டு, எந்தப் பக்கம் விழும் என்று தெரியாமல் வரும். அதைப் பிடித்துப் பழகியவனுக்குத் திறந்த மைதானத்தில் நேராக இறங்குகிற பந்து ஒரு விஷயமே இல்லை.

எங்கள் டீமில் எல்லோரும் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள். பந்து மேலே போனால் இரண்டு பேர் ஓடி முட்டிக்கொள்ளக் கூடாது என்று ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பிடிக்கப் போகிறவன் ‘லே’ என்று கத்துவான். ‘எலே, தள்ளிக்கோ, இது எனக்கு’ என்று அர்த்தம். பந்து இறங்குவதற்குள் அவ்வளவையும் சொல்ல நேரம் ஏது, அதனால் வெறும் ‘லே’. அதைக் கேட்டதும் மற்றவன் அப்படியே நின்றுவிடுவான். வருஷக்கணக்காக அப்படித்தான் ஆடினோம், ஒரு நாளும் வம்பு வந்ததில்லை.

அந்த வருஷம் ஒரு பெரிய கம்பெனி தன் கிரிக்கெட் டீமுக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். மாட்டுங்காவில் ஒரு மைதானத்தில் ட்ரையல்ஸ். தேர்வானால் அந்தக் கம்பெனியிலேயே நிரந்தர வேலை. ட்ரையல்ஸ் அன்றைக்குக் காலையில் பார்த்தால், வாப்பா என் கேன்வாஸ் ஷூவில் கிழிந்திருந்த இடத்தைப் பட்டறை ஊசியால் தைத்து, வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மைதானத்தில் எங்களை இரண்டு டீமாகப் பிரித்து ஆடவிட்டார்கள். எனக்குப் பவுண்டரி ஓரம் நிற்கிற இடம் கிடைத்தது. கொஞ்சம் தள்ளி ஒரு மராத்திப் பையன், என் வயதுதான் இருக்கும். ஒருத்தன் தூக்கி அடித்த பந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே உயரமாக வந்தது. பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது, இது எனக்கான பந்து. ‘லே, லே’ என்று கத்திக்கொண்டே ஓடினேன். அந்தப் பையன் நிற்கப் போனவன், நான் கத்தியதும் வேகமெடுத்து வந்தான். இரண்டு பேரும் தலையோடு தலை மோதி விழுந்தோம். அவனுக்குப் புருவம் கிழிந்து ரத்தம். பந்து புல்லில் கிடந்தது.

எழுந்து உட்கார்ந்ததும் அவன் என்னைப் பார்த்துக் கத்தினான், “தூ ஹீ தோ போலா.” நீதானே சொன்னாய் என்கிறான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆமாம், நான்தான் சொன்னேன், சொன்ன பிறகும் எதற்குடா வந்தாய் என்று நானும் எகிறினேன். பார்த்துக்கொண்டிருந்த தேர்வுக்காரர் கையை அசைத்து, இரண்டு பேரையும் வெளியே போகச் சொல்லிவிட்டார்.

வீட்டில் வாப்பா கேட்டார், “என்னல, எடுத்தானுவளா?”

“எடுக்கல வாப்பா. ஒருத்தன் குறுக்க வந்துட்டான்.”

“சரி, சோத்தத் தின்னு. காலைல பட்டறைக்கு வா.”

அதற்குப் பிறகு செம்பூரில் ஓரிடம், விக்ரோலியில் ஓரிடம் என்று அலைந்து பார்த்தேன். கேட்ச் மட்டும் பிடிக்கிறவனை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். ஒருத்தரும் எடுக்கவில்லை. அந்த மராத்திப் பையனை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு பெல்ட் தைத்தேன். அடுத்த வருஷம் மாமா ஒருத்தர் புண்ணியத்தில் விசா வந்தது. துபாயில் கட்டிடச் சாமான் விற்கிற கம்பெனி, கோடவுனில் மூட்டை தூக்குகிற வேலை. கிரிக்கெட்டுக்கு ஒரு சலாம் போட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

போன இடத்தில்தான் அது எனக்காகக் காத்திருந்தது. அங்கே கம்பெனிகளுக்குள் லீக் ஆட்டம் நடக்கும். வெள்ளிக்கிழமைதோறும் விடிந்ததும் ஆரம்பித்து ஜும்மா தொழுகைக்கு முன்னால் முடித்துவிடுவார்கள். சிமெண்ட் தரையில் பாய் விரித்து அதில் பந்து போடுவார்கள். சுற்றிலும் மண்ணும் சரளையும்தான், புல்லைக் கண்ணால் பார்க்க முடியாது. எங்கள் கம்பெனி கடைசி டிவிஷனில் கிடந்தது. நான் தண்ணீர் கேன் சுமக்கிற ஆளாகத்தான் உள்ளே நுழைந்தேன். ஒரு நாள் யாருக்கோ வயிற்றுவலி, என்னை ஃபீல்டிங் நிற்கச் சொன்னார்கள். அன்றைக்குப் பிடித்த கேட்சுகளைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து டீமில் என் பெயரும் வந்தது. சரளையில் விழுந்து விழுந்து முட்டியில் தோலே இல்லை. இருந்தாலும் வியாழக்கிழமை சாயங்காலம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் டீமின் நல்ல பவுலர் ஒரு கராச்சிக்காரர். கம்பெனியில் பிக்கப் வண்டி ஓட்டுகிறவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அதிகம் பேசமாட்டார். கேப்டன் ஒரு ஹைதராபாத்காரர், ஆபீஸில் அக்கவுண்டன்ட், நாக்கு முழுக்க மிளகாய்.

நான் போய் இரண்டு வருஷம் முடிகிற சமயத்தில் அங்கே நிலைமை மாறியது. கட்டிடங்கள் பாதியில் நின்றன. கோடவுனில் ஒவ்வொருவராக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் அக்ரிமெண்டும் முடியப்போகிறது. எங்கள் மேனேஜர் ஒரு கிரிக்கெட் பைத்தியம், டீமில் இருப்பவர்களை மட்டும் எப்படியாவது நிறுத்திக்கொள்வார். ஆகவே டீமில் இருந்தால் துபாய், இல்லையென்றால் பம்பாய். எனக்கு அது நன்றாகவே தெரியும். அந்தச் சமயத்தில் தாராவியில் நானும் வாப்பாவும் வேலை பார்த்த பட்டறையும் மூடிக் கிடந்தது.

லீக்கில் கடைசி இரண்டு ஆட்டம் பாக்கி. இரண்டையும் ஜெயித்தால் மேல் டிவிஷனுக்குப் போகலாம். அதில் முதல் ஆட்டத்தில்தான் அது நடந்தது. பந்து உயரமாக ஏறியது. ஒரு பக்கம் நான், மறுபக்கம் கராச்சிக்காரர். இத்தனை நாளும் பவுண்டரி ஓரம் தனியாக நின்றதால், துபாயில் ஒரே பந்துக்கு என்னோடு இன்னொருத்தர் ஓடி வந்தது அதுதான் முதல் தடவை. ‘லே’ என்று கத்தினேன். அவர் கையை விரித்துக்கொண்டு பாய்ந்து வந்தார். என் நெற்றி அவர் வாயில் போய் இடித்தது. அவருக்கு முன்பல் இரண்டு சரளையில் கிடந்தன. கேட்ச் போயே போய்விட்டது. ஆட்டத்தை எப்படியோ ஜெயித்தோம், ஆனால் கேப்டன் என்னை விடவில்லை. எல்லோர் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டார். கண்ணு தெரியாத மாடு மாதிரி ஓடி வந்து நம் பவுலர் வாயை உடைத்துவிட்டான், அடுத்த ஆட்டத்தில் இவன் கிடையாது, இனி எந்த ஆட்டத்திலும் கிடையாது என்றார். நான் தலையைக் குனிந்து நின்றேன். எனக்குப் பம்பாய் விமானமே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது கராச்சிக்காரர் வாயில் துண்டை அழுத்திக்கொண்டே எழுந்து வந்தார். துண்டு சிவந்திருந்தது. அவர் பேசியது உருது. நம் தமிழில் சொன்னால் இதுதான்: “இவன் மேல தப்பு இல்லை கேப்டன். அது இவனோட கேட்ச். ‘லே’ன்னு சொல்லி எனக்கு விட்டுக் கொடுத்தான். நான்தான் ஒழுங்கா வாங்கிக்கல. எல்லாரும் எனக்கு எனக்குன்னு கத்துற இடத்துல எடுத்துக்கோன்னு சொன்ன ஒரே ஆள் இவன். இவன் ஆடலேன்னா நானும் ஆடல.”

இந்தியிலும் உருதுவிலும் ‘லே’ என்றால் எடுத்துக்கொள். இது எனக்குத் தெரியாதா? பம்பாயில் வளர்ந்தவன், கடையில் பஸ்ஸில் தினம் பேசுகிற வார்த்தை. எங்கள் ‘லே’யும் எனக்குத் தெரியும், அவர்கள் ‘லே’யும் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே சத்தம் என்று அந்த நிமிஷம் வரை புத்தியில் உறைக்கவே இல்லை. மாட்டுங்காவில் அந்த மராத்திப் பையன் புருவத்தைப் பொத்திக்கொண்டு கத்தியது அப்போதுதான் புரிந்தது. நான் எடுத்துக்கொள் என்று சொன்னேன், அவன் எடுக்க வந்தான். பாவம், அவன் வேலையும் அல்லவா அன்றைக்குப் போனது. இத்தனை நாள் அவனைத் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பெரிய மனசுக்காரன் என்று எல்லோரும் என் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள். கேப்டன் முறைத்துப் பார்த்துவிட்டு, சரி, அடுத்த ஆட்டம் மட்டும் என்றார்.

அந்த வாரம் முழுக்க நான் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். கோடவுனில் மூட்டை தூக்கும்போது ‘மேரா, மேரா’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். என்னுடையது, என்னுடையது என்று சிமெண்ட் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒருத்தன் கத்தினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? கூட வேலை செய்த நம் ஊர்க்காரர் ஒருத்தர், “எலே, அந்தச் சனியனை எவனும் பிடுங்கிட்டுப் போகமாட்டான், நீயே வச்சுக்கோ” என்றார்.

கடைசி ஆட்டம். கராச்சிக்காரர் உதடு வீங்கிய வாயோடு பந்து போட்டார். ஜெயிக்க எதிர் டீமுக்கு இன்னும் ஒரு சிக்ஸர்தான் தேவை, எங்களுக்கு ஒரு விக்கெட். அவர் பந்தைத் தூக்கி அடித்தான் ஒருத்தன். பந்து நேரே மேலே, சூரியனுக்குள் போனது. நான் ஒரு பக்கமிருந்து ஓடுகிறேன், அவர் பந்து போட்ட இடத்திலிருந்து திரும்பி ஓடிவருகிறார். என் தொண்டை வரை ‘லே’ வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு ‘மேரா’ என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். அவர் காலை ஊன்றி நின்றார். பந்து என் இரண்டு கைக்குள் வந்து உட்கார்ந்தது. அப்படியே சரளையில் குப்புற விழுந்தேன், பந்தை விடவில்லை.

மேல் டிவிஷனுக்குப் போனோம். மேனேஜரே மைதானத்துக்குள் வந்து என்னைத் தூக்கி நிறுத்தினார். அந்த வாரமே என் அக்ரிமெண்டை நீட்டித்தார்கள். மறு வருஷம் எங்கள் கம்பெனி மேல் டிவிஷனில் ஆடியது. லீக்கில் உள்ள கம்பெனிகளிலிருந்தெல்லாம் பொறுக்கி எடுத்து ஒரு டீம் அமைத்தபோது, அதில் ஃபீல்டிங்குக்காகவே என்னையும் எடுத்தார்கள். பம்பாயில் ஒருத்தரும் எடுக்காத ஆளை.

அக்ரிமெண்ட் கைக்கு வந்த அன்றைக்கு மனசு கேட்கவில்லை. டீக்கடையில் கராச்சிக்காரரைப் பிடித்து உண்மையைச் சொன்னேன். நான் விட்டுக் கொடுக்கவில்லை, எங்கள் பாஷையில் அது தள்ளிப்போ என்று அர்த்தம், உங்கள் பல் போனது என்னால்தான் என்றேன். அவர் டீயை ஊதி ஊதிக் குடித்தார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். முன்னால் இரண்டு பல் இல்லாத சிரிப்பு.

எனக்குத் தெரியும் என்றார். கோடவுனுக்கு வண்டி கொண்டுவரும்போதெல்லாம் உங்கள் ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் லே லே என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன் என்றார். முதலில் எடுத்துக்கொள் என்று நினைத்துத்தான் பாய்ந்தாராம். நான் வந்து விழுந்த வேகத்தில் விஷயம் விளங்கிவிட்டதாம். விட்டுக் கொடுக்கிறவன் அப்படியா ஓடி வருவான் என்று கேட்டார். பிறகு ஏன் பாய் கேப்டனிடம் அப்படிச் சொன்னீர்கள் என்றேன்.

“பல்லு என்னோடது போச்சு. அதுக்காக உன் வேலையும் போகணுமா என்ன?” என்றார். சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அவர் அதற்குப் பிறகு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், இன்றைக்கு எங்கே இருக்கிறார் என்று தெரியாது. ஆனால் அவர் காப்பாற்றிக் கொடுத்த வேலையில் சம்பாதித்துத்தான் நான் நவி மும்பையில், கோபர்கைரனேயில் வீடு வாங்கினேன், தாராவியில் சொந்தமாகப் பட்டறை போட்டேன். எனக்குக் கோபம் அதிகம். பட்டறையில் யாராவது தோலைத் தப்பாக வெட்டிவிட்டால் வாய்க்கு வந்தபடி கத்துவேன். ஆனால் ‘நாளையிலிருந்து வராதே’ என்ற ஒரு வார்த்தை மட்டும், ரத்தம் வழிகிற வாயோடு என் பிழைப்புக்காகப் பேசிய அந்த மனுஷரை நினைத்தால், இன்று வரை எனக்கு வரவே மாட்டேன் என்கிறது.