நாக்கோரத்து வெளுப்பு

எனக்கு எண்பத்து மூணு வயசு ஆகிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அதில் கடைசி மூணும் பிறந்ததற்கே அரியலூர் ஆஸ்பத்திரியில் நான் பேசின பேச்சுதான் காரணம்.

எங்க வூட்டுக்காரருக்குக் கன்னத்தில் எந்நேரமும் புகையிலை இருக்கணும். தூங்கும்போதும் அடக்கிக்கொண்டுதான் தூங்குவார். வெள்ளைக்காரன் போவதற்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடி, அவர் கொட்டாவி விட்டபோது நாக்கின் ஓரம் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்தேன். சுண்ணாம்பு பட்டு வெந்துவிட்டது என்றார். வெந்த வாய் நாலு நாளில் ஆறாதா? சுண்ணாம்பைக் குறைத்தார், மணத்தக்காளிக் கீரை தின்றார். வெளுப்பு அப்படியே இருந்தது. வலியே இல்லை, எதற்கு வைத்தியம் என்று என்னையே கேட்டார். எங்க ஊர் ஆம்பிளைகள் எல்லாருக்கும் அதே புத்திதான். படுத்துக் கத்தினால்தான் அவர்களுக்கு நோய்.

மாடு பிடிக்க அரியலூர் சந்தைக்குக் கிளம்பினார். நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். எனக்கு வயிற்றுவலி என்று பொய் சொல்லி ஆஸ்பத்திரியில் இறங்கினேன். அவரும் கூட வந்தார். உள்ளே போனதும் டாக்டரிடம், எனக்கு ஒன்றுமில்லை, இவர் நாக்கைப் பாருங்க என்றேன். டாக்டர் புகையிலையைத் துப்பிவிட்டுக் கொப்பளித்து வரச் சொன்னார். கண்டவன் என் வாயில் விரல் விடுவதா என்று இவர் துண்டை உதறிக் கிளம்பிவிட்டார்.

அங்கே காத்திருந்த அத்தனை பேர் முன்னால் சொன்னேன்: "இப்ப சந்தைக்குப் போயி மாட்டு வாயைப் பொளந்து நாக்கை இழுத்துத்தான பாக்கப் போறீங்க? அது காட்டுது. உங்களுக்கு என்னங்க வெக்கம்?"

பெஞ்சில் இருந்த ஒரு கிழவர், "இந்தக் காளைக்கு எத்தனை பல்லுன்னும் பாத்துருங்க டாக்டரய்யா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த ரோஷத்தில்தான் இவர் உட்கார்ந்தார்.

டாக்டர் நாக்கு நுனியைத் துணியால் பிடித்து இழுத்து, புரட்டி, அடியிலும் பார்த்தார். வெளுத்த இடத்தை விரலால் அழுத்தினார். தாடைக்குக் கீழே கழுத்தைத் தடவினார். கழுத்தில் கட்டி இல்லை, ஆனால் வெளுப்புக்கு அடியில் கெட்டிப்பட்டிருக்கிறது, புற்று மாதிரி தெரிகிறது என்றார்.

"வலி வந்த பெறகு வர்றவங்களுக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியல. நீங்க முன்னாடியே வந்துட்டீங்க."

திருச்சியில் அந்த ஓரத்தை அறுத்து எடுத்தார்கள். அப்புறம் முப்பது வருஷம் நன்றாக இருந்தார். அத்தனை வருஷமும், திருச்சியில் சொத்தைப் பல்லைப் பிடுங்கினார்கள் என்றுதான் ஊருக்குச் சொன்னார். பொண்டாட்டி பேச்சைக் கேட்டுப் பிழைத்தேன் என்று சொன்னால் மீசை உதிர்ந்துவிடுமாம். புகையிலையை விட்டதுகூட அவருடைய வைராக்கியமாம்.

ஏ கண்ணு, இங்க வந்து இதை நிதானமாப் படி. திருச்சியில அறுத்தது நாக்குன்னுதான எழுதியிருக்கேன், உங்க தாத்தா சொன்ன மாதிரி பல்லுன்னு இல்லையே, பாரு.